பதினொன்று பேசவில்லை

சென்னையிலிருந்து வந்த விமானம்
பலாலியில் இறங்கிப் பத்து நிமிடமாகவில்லை,
ஒன்பதாம் சென்சர் கத்தத் தொடங்கியது.
இடது இறக்கை, மூன்றாம் விலா, கீழ்த்தோல்.

திரையில் இரண்டு கோடுகள் போடுவோம்.
பச்சை,
இறக்கை புதிதாயிருந்த நாளில் எடுத்து வைத்த அலை.
சிவப்பு, இன்றையது.
ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.
படியவில்லை.

"எவ்வளவு பெரிசு?"
நிலைய மேலாளர் அருட்பிரகாசம் கேட்டார்.
"தெரியாது. நெல்லளவாயும் இருக்கலாம்."
"ஒரு நெல்லுக்கு நாப்பத்தொரு சனத்தை மறிக்கிறீரோ?"
"ஓம்."

கண்ணாடிக்கு அப்பால் அந்த நாற்பத்தொரு பேர்.
கண் ஆபரேஷனுக்குப் போகிறவர்
கட்டுப்போட்ட கண்ணாலும் என்னைத்தான் பார்க்கிறார்.
பருத்தித்துறை வடைப் பெட்டியை மடியில் வைத்திருந்த பெண்
போனில் யாருக்கோ சொல்கிறாள்:
"ஒரு பெட்டை ஏணியிலை நிண்டு தட்டிக்கொண்டு நிக்கிறாள்."

தட்டிக்கொண்டுதான் நின்றேன்.
கையில் இருபது லட்சத்துக்கு வாங்கிய மெஷின்,
சட்டைப்பையில் இரண்டு ரூபாய்க் குற்றி.
மெஷினை நம்புகிறவள்தான் நான்,
என்றாலும் குற்றியால் தட்டாமல் ஒரு நாளும் இறங்கியதில்லை.
திருநெல்வேலிச் சந்தையில் வத்தகப்பழம் பார்க்கிற மாதிரி
டிங், டிங், டிங்.
எங்காவது டொப் என்றால்
உள்ளே ஒட்டு விட்டுப்போயிற்று.

ஒன்பதின் இடத்தில் டிங்.
சுற்றவரவும் டிங்.
சென்சரைத் தொட்டேன், நகத்தோடு கழன்று வந்தது.
கடற்காற்றின் உப்பு பசையைத் தின்றிருக்கிறது.
இறக்கைக்கு ஒன்றுமில்லை,
காவல்காரனுக்குத்தான் காய்ச்சல்.

"அப்ப அனுப்புவமே?"
அருட்பிரகாசம் சிரித்தார். நானும் சிரித்தேன்.
ஒரு கால் நிலத்தில், மற்றக் கால் கடைசிப் படியில்.

பதினொன்று.

ஒரு சாண் தள்ளி இருப்பது.
பக்கத்தில் ஒருவன் இவ்வளவு கத்தும்போது
ஒரு சின்ன நடுக்கமாவது காட்டியிருக்க வேண்டாமா?
அதன் கோடு நேராய்க் கிடந்தது,
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல.
புகார் இல்லாதது நலம் என்று
மெஷின் அதற்குச் சரி போட்டிருந்தது.

திரும்ப ஏறினேன்.

பதினான்காம் ரிவெட்டின் தலையிலிருந்து புறப்பட்டு
ஒரு மயிர் வெடிப்பு
பதினொன்றின் அடியாலேயே ஓடி
அதை இரண்டாய்ப் பிளந்திருந்தது.
காயத்துக்கு மிகக் கிட்ட இருந்தது அதுதான்.
அதனால்தான் பேசவில்லை.

விமானம் பறக்கவில்லை.
கண் கட்டியவர் மட்டும்
போகும்போது தலையை ஆட்டினார்.
திட்டினாரா, நன்றி சொன்னாரா தெரியவில்லை.
நாளைக்கு வெடிப்பின் நுனியில்
யோகசீலன் ஒரு துளை போடுவான்.
கூராய் ஓடுவது வட்டத்தில் வந்து முட்டினால்
மேலே போக வழி தெரியாமல் நின்றுவிடும்.
பிறகு அதன்மேல் ஒரு ஒட்டு.
ஓட்டையால் ஓட்டத்தை மறிக்கிற வேலை இது,
படிக்கும்போது நானும் நம்பவில்லை.

வீட்டுக்கு வர ஒன்பது மணி.
சோறு போட்டு வாயில் வைக்கிறேன்,
தாமதமாய்க் கிளம்பிய ஏதோ ஒரு சின்ன விமானம்
வசாவிளான் பக்கமாய் இரைகிறது.
அம்மா எழும்பி விளக்கை நூர்த்தாள்.

"ஏனம்மா?"
"ஒண்டுமில்லை. சாப்பிடு."

இது ஒவ்வொரு முறையும் நடப்பது.
அந்தச் சத்தம் இப்போது பயணிகளுடையது,
அந்தப் பயணிகளுக்குக் கையெழுத்துப் போடுவது நான்
என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று.
அவளிடம் எந்தக் கோட்டை எதன்மேல் வைப்பது?
அவள் புதிதாயிருந்த நாளின் அலையை
ஒருவரும் எடுத்து வைக்கவில்லை.
சிவப்பு மட்டும் இருக்கிறது,
அதுவும் நேராய்.

இருட்டில் சோற்றைத் தேடிச் சாப்பிட்டேன்.
குனியும்போது சட்டைப்பையில்
குற்றி ஒரு பக்கமாய்ச் சரிந்தது.
எடுக்கவில்லை.
காலமை ஆறரைக்கு வேலை.